பெரிய ரோலருக்கு யார்

விடிவதற்கு முன்பே கொதிகலன் மூச்சு விடத் தொடங்கிவிடும். வாசலில் செருப்பைக் கழற்றி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், சலவைக்கூடம் முழுக்க ஆவி. எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. இருமலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்போம். முந்தின நாள் மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ரத்தம், சீழ், மருந்து, சிந்திய காப்பி, எல்லாம் ஒரே மூட்டைக்குள். அவிழ்த்தவுடன் எழும் வாடையை முதல் மூச்சிலேயே முழுக்க இழுத்துவிட வேண்டும் என்பார் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் அண்ணன். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் நாள் முழுக்கக் குமட்டுமாம்.

பிரித்ததை டிரம்மில் போட்டுத் துவைத்து, பிழியும் மெஷினில் பிழிந்து, தள்ளுவண்டியில் ரோலருக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத்துணிக்குப் பிணத்தின் கனம் உண்டு. மூன்று விரிப்பைத் தூக்கி வைப்பதற்குள் முதுகு பேசத் தொடங்கும்.

ரோலர்கள் இரண்டு, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பெரிய ரோலர் இரண்டு கட்டில் நீளம் இருக்கும். உள்ளே ஆவியால் சூடேறிய எஃகுப் படுகை. அதன்மேல் உருளை சுழலும். ஒரு பக்கம் இரண்டு பேர் நின்று ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்துக் கொடுத்தால், மறுபக்கம் அது காய்ந்து, தேய்ந்து, காகிதம்போல வரும். நாங்கள் இதை ஊட்டுவது என்போம். அது எதைக் கொடுத்தாலும் தின்னும். அதற்காகவே வாய்க்கு முன்னால் நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டை உண்டு. விரல் பட்டை மேல் பட்டால் மெஷின் சட்டென்று நின்றுவிடும். கெட்டியான துணி பட்டாலும் நின்றுவிடும். அப்படி அடிக்கடி நிற்பது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. பட்டையை மேலே தூக்கிக் கம்பியால் கட்டச் சொன்னார். மேஸ்திரி கட்டினார். அதன்பிறகு அது நிற்கவில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை இருந்தது. யாருக்கு எந்த இடம் என்று மேஸ்திரி தினமும் சாக்பீஸால் எழுதுவார். "பெரிய ரோலருக்கு யாரு?" இதுதான் நாங்கள் காலையில் கேட்கும் முதல் கேள்வி. எழுதியது வேதவாக்கு இல்லை. காய்ச்சல் வந்தவள், வயிற்றில் பிள்ளை இருப்பவள், கை நடுங்குகிறவள் யாராவது முன்னால் போய், ஈரச் சட்டைக் கையால் தன் பெயரைத் துடைப்பாள். இன்னொருத்தி அங்கே தன் பெயரை எழுதிக்கொள்வாள். எல்லா இடத்திலும் ஆள் இருந்தால் சரி என்று மேஸ்திரியும் முனகிக்கொண்டே விட்டுவிடுவார். ஒருநாள் சாக்கடைக்கு நேரே 'மேஸ்திரி' என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று சாக்கடை பளபளத்தது.

நான் மடிப்பு மேசையில் வேலை செய்கிறேன். என் எதிர்ப்பக்கம் சித்தி. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அவள் இரண்டு விரிப்பு மடிப்பதற்குள் நான் ஒன்றை மடித்துப் பிரித்து மறுபடி மடித்திருப்பேன். ஓரம் சரியாக வந்ததா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. "இவளுக்குச் செத்தாலும் திருப்தி வராது, பாடையைப் பிரிச்சு மறுபடி கட்டச் சொல்லுவா" என்பாள் சித்தி.

மாலையில் நான் வகுப்புக்குப் போவேன். குழாய் சாமான் விற்கும் கடையின் மாடியில் ஓர் அறை, ஓசையெழுப்பும் பழைய கணினிகள். வலைப்பக்கங்கள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கொதிநீர் வாடை அடிக்கும் கையோடு விசைப்பலகையைத் தொட எனக்குக் கூச்சமாக இருக்கும். அன்றன்று கற்றதை வரிசையாக எழுதி வைப்பேன். எழுதியதைப் படித்தால் புரிந்ததுபோல இருக்கும். செய்து பார்த்தால்தான் புரியவில்லை என்று தெரியும்.

யாரோ இதை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் அவர் மடிப்பு மேசைக்கே வந்தார். கரும்பலகை பொதுச்சொத்து மாதிரி ஆகிவிட்டது, ஆளாளுக்கு அழிக்கிறார்கள், இனிமேல் வீட்டிலிருந்தே போனில் ஆட்களை மாற்ற வேண்டும், அப்படி ஒரு பக்கம் செய்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். நன்றாக வந்தால் ஆவியிலிருந்து அலுவலக அறைக்கு மாற்றுவதாகவும் சொன்னார். என்னை அதுவரை யாரும் 'முடியுமா' என்று கேட்டதில்லை. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

வேலை இதுதான். பெயரும் இடமும் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக இருக்கும். சர்வரில் ஒரு நிரல் அதை வரி வரியாக எடுத்துப் பக்கமாக்கி அனுப்பும். அனுப்பியபின் அது சுவரில் ஒட்டிய சுவரொட்டி மாதிரி. படிக்கலாம், மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் கட்டத்தைத் தொட்டதும் அது எழுதும் பெட்டியாக வேண்டும். எழுதிவிட்டு வெளியே வந்ததும், எழுதியது சர்வருக்குத் திரும்பிப் போக வேண்டும். எந்த வரி, எந்தக் கட்டம் என்பதும் கூடவே போனால்தான் அங்கே சரியான இடத்தில் பதியும். கேட்க எளிது. பல மாலைகள் கட்டம் பெட்டியானது, எழுதினேன், வெளியே வந்தேன், எழுதியது காணாமல் போனது.

அது முதல்முதலாகப் பதிந்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. சித்தியின் பெயருக்கு நேரே 'மடிப்பு' என்று இருந்ததைத் தொட்டு 'விடுமுறை' என்று மாற்றினேன். பக்கத்தை மூடித் திறந்தேன். விடுமுறை அப்படியே இருந்தது. வீட்டில் சொன்னபோது, தன் ஆயுளில் கிடைத்த முதல் விடுமுறை அதுதான் என்று சித்தி சிரித்தாள்.

முதலாளிக்குக் காட்டினேன். தொட்டுத் தொட்டு மாற்றிப் பார்த்தார். பிறகு இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று, வாசலில் மாட்டும் திரையில் யாரும் எதையும் தொட முடியக் கூடாது. அவருடைய போனில் மட்டும்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று, தலைப்பை அமுக்கினால் பெயர்கள் அகர வரிசையில் அடுக்கப்பட வேண்டும், தேடிக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. "மேஸ்திரி பேரையும் சேர்த்துடு" என்றார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "என் பேர் எதுக்குங்க, நான்தான் எங்கயும் இருப்பேனே" என்றார். சேர்த்துவிட்டேன்.

பூட்டைப் போட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வரி. வாசல் திரையிலிருந்து வருவதைச் சர்வர் ஏற்காது. அகர வரிசையையும் சேர்த்தேன். அடுக்கிப் பார்த்தேன், அடுக்கியது. எழுதிப் பார்த்தேன், பதிந்தது. அடுக்கியபின் எழுதிப் பார்க்கவில்லை. எதையும் இருமுறை சரிபார்க்கிற நான், இரண்டையும் சேர்த்து ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

திரை வந்தது. கரும்பலகையைக் கழற்றி, சாக்கடையின் குறுக்கே பாலமாகப் போட்டார்கள். திரை ஏறிய முதல் நாள் எல்லோரும் அதன்முன் கூடி நின்றோம். என் கைவேலை சுவரில் ஒளிர்வதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன். நெட்டையக்கா கழுத்தை நீட்டி, தன் பெயருக்கு நேரே 'டிரம்' என்று இருந்ததைப் படித்தாள். எங்களில் உயரமானவள் அவள். டிரம்முக்குள் தலையை விட்டு அடியில் ஒட்டிய துணியை எடுக்க அவளால்தான் முடியும். "நல்லாத்தான் இருக்கு. இதை எதால துடைக்கிறது?" என்று கேட்டாள்.

"நீங்க படிச்சாப் போதும்" என்றார் முதலாளி.

துடைக்க முடியாத நாட்கள் தொடங்கின. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பிழியும் மெஷினில் நின்றாள். காய்ச்சலோடு ஒருத்தி மூட்டை பிரித்தாள். மேஸ்திரியிடம் போய் நின்றால் அவர் திரையைக் காட்டுவார். "என் கையில என்ன இருக்கு? திரையில வந்தா வந்ததுதான்." சாக்பீஸ் பிடித்த கை வெறுமையாகத் தொங்கும். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நான் பக்கத்தில் வந்தால் பேச்சு கொஞ்சம் குறைந்தது.

அன்று காலை பெரிய ரோலரில் வழக்கமாக நிற்பவள் வரவில்லை. திரையில் நெட்டையக்காவின் பெயருக்கு நேரே 'பெரிய ரோலர்' என்று இருந்தது. சித்திக்கு நேரே வழக்கம்போல 'மடிப்பு'.

நெட்டையக்கா வாழ்நாளில் ரோலரில் நின்றவள் இல்லை. சித்தி பழைய ரோலர்காரி. பலகை இருந்திருந்தால் இருவரும் வாய் திறக்காமல் இடம் மாறியிருப்பார்கள். நெட்டையக்கா மேஸ்திரியிடம் போனாள், அவர் திரையைக் காட்டினார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். "எல்லாம் துணிதானே" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

நடந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது; முதலில் மனிதச் சத்தம் என்றே தோன்றவில்லை. விரிப்பின் முனை அவளுடைய விரலில் சுற்றிக்கொண்டது, துணியோடு கை உள்ளே போனது. பட்டை மேலே கம்பியோடு கட்டியிருந்தது. கூட நின்று ஊட்டியவள் ஓடிப்போய் மறுமுனையில் இருந்த சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள், நேரம் என்று சொல்ல முடியாத அளவு நேரம்தான். ஆனால் எஃகு கொதிக்கக் காய்ந்திருந்தது. பாய்லர் அண்ணன் ஆவியை நிறுத்திவிட்டு ஓடி வந்து உருளையைக் கையால் பின்னோக்கிச் சுற்றினார். வாடையைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அவளைக் கொண்டுபோன வண்டி திரும்புவதற்குள் சின்ன ரோலரை ஓட்டச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் வகுப்பில் உட்கார்ந்து என் நிரலைத் திறந்தேன். சித்தியைப் பெரிய ரோலருக்குப் போடத்தான் தான் வீட்டிலிருந்து மாற்றியதாக முதலாளி மேஸ்திரியிடம் கத்தியதை எல்லோரும் கேட்டிருந்தோம். அப்படியானால் அது ஏன் நெட்டையக்காவின் பெயருக்குப் போனது? நான் பரிசோதித்தேன். பெயர்களை அகர வரிசையில் அடுக்கினேன். மேலிருந்து மூன்றாவது பெயரில் எழுதினேன். பக்கத்தை மூடித் திறந்தேன். வேறொரு பெயருக்கு நேரே அது பதிந்திருந்தது.

என் நிரல் ஆளைப் பார்க்கவில்லை, இடத்தைத்தான் பார்த்தது. 'மேலிருந்து மூன்றாவது வரி' என்று சர்வருக்குச் சொல்லி அனுப்பியது. முதலாளியின் போனில் அடுக்கியபின் மூன்றாவது வரி சித்தி. சர்வருக்கோ அவர் அடுக்கியது தெரியாது. அதன் வரிசையில் மூன்றாவது நெட்டையக்கா. ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். இது பாடத்திலேயே இருக்கிறது. என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு, நானே எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதுவே பயமாக இருந்தது. என்ன கோளாறு என்று கேட்டார். சொன்னேன். மறைக்க எனக்குத் தெரியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. அவர் கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது.

திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறாராம். "அவர் முன்னாடி இதை அப்படியே சொல்லணும். வலைப்பக்கத்துல கோளாறு, பழகாத பொம்பளை தப்பா அங்க போயிட்டா. அவ்வளவுதான்."

"பட்டையைக் கட்டியிருந்தது சார்."

"உன்கிட்ட அவர் அதைக் கேட்கப் போறாரா? உனக்குத் தெரிஞ்சதை நீ சொல்லு. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல."

உண்மைதான். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எழுந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "வெளிய வேற மாதிரி பேசிக்கிறாங்க. உன் சித்தியைத் தப்பிக்க வைக்க நீயே மாத்திட்டதா. நான் நம்பல. அவர்கிட்ட நீ சரியாச் சொல்லிட்டா யாரும் அதை நம்ப மாட்டாங்க."

அந்தப் பேச்சை வெளியே விட்டது யார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்வதற்கு முன்பு அது இருந்ததா என்பதும் தெரியாது. மடிப்பு மேசைக்குத் திரும்பும்போது இருந்தது. சித்தியின் தட்டுக்குப் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காரவில்லை. பாய்லர் அண்ணன், நான் வகுப்புக்குச் சேர்ந்தபோது பழைய விசைப்பலகை ஒன்றைத் தேடி வாங்கிக் கொடுத்தவர், என்னைப் பார்த்ததும் பக்கவாட்டில் திரும்பி அடுப்பைக் கிளறினார். கிளற அங்கே ஒன்றுமில்லை.

வீட்டில் சித்தி கேட்டாள். "நீ மாத்தினியா?"

"இல்ல சித்தி."

"தெரியும். உன் வாயால கேட்கணும்னு இருந்துச்சு." விளக்கை அணைத்துப் படுத்தபிறகு மறுபடி கேட்டாள். "அங்க நான் போயிருக்கணும், இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை நெட்டையக்காவைப் பார்க்கப் போனோம். நான் வர மாட்டேன் என்றேன்; சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரே அறை, குறுக்கே கட்டிய கொடியில் பிள்ளைகளின் துணி. எங்களுக்கு முன்பே பாய்லர் அண்ணனும் வேறு சிலரும் வந்திருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் பேச்சு நின்றது. நெட்டையக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலக்கை தலையணை மேல் வெள்ளை மூட்டையாகக் கிடந்தது. இரண்டு விரல் போய்விட்டது, மற்றவை பிழைக்குமா என்று இன்னும் சொல்லவில்லையாம்.

"வா, கம்ப்யூட்டர்" என்றாள். "இனி என்னை எண்ணச் சொன்னா எட்டு வரைக்கும்தான். உன் வேலைக்கு ஆக மாட்டேன்." யாரும் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் சிரித்தாள்.

நான் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன், மூன்றாவது வரி, அகர வரிசை என்று. பாதியிலேயே குரல் உடைந்தது.

"அழுதுட்டே சொல்லாதே. எனக்குப் புரியணும், சொல்லு" என்றாள்.

சொன்னேன். முதலாளி என்னிடம் கேட்டதையும் சொன்னேன். பாய்லர் அண்ணன்தான் முதலில் பேசினார். "ஏம்மா, எங்க மனசுல இருக்கிறதை நான் கேட்டுடறேன். உன் சித்தி அங்க நின்னிருந்தா இது நடந்திருக்காது. அவளுக்கு அந்த மெஷின் தெரியும்."

சித்தி இடக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டினாள். முழங்கைக்குக் கீழே அந்தப் பழைய தழும்பு. சின்ன வயதில் நான் அதைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். சுடுதண்ணீர் பட்டது என்றுதான் சொல்லியிருந்தாள்.

"இது எங்க வந்துச்சுன்னு நெனச்சீங்க? அதே ரோலர். எனக்கு அது நல்லாத் தெரிஞ்சிருந்த காலத்துலதான். அப்போ பட்டை கீழ இருந்துச்சு, பட்டதும் நின்னுடுச்சு. அதனால தோலோட போச்சு."

நெட்டையக்கா அந்தத் தழும்பைப் பார்த்தாள். தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்; குரல் உயரவில்லை.

"கேளு. உன் தப்பு என்னைக் கொண்டுபோய் அங்க நிறுத்துச்சு. அது உன்னோடது, வச்சுக்கோ. இனி ஒழுங்காச் செய். ஆனா அங்க நிக்கிறது ஒண்ணும் குத்தம் இல்ல. தினம் யாரோ ஒருத்தி நிக்கிற இடம்தானே அது? என் கையைத் தின்னது அந்தக் கம்பி. அதுல ஒரு விரக்கடைகூட உன் தலையில நீ போட்டுக்காதே. போட்டுக்கிட்டா அந்தாளு தப்பிச்சிடுவான். புரியுதா?"

நான் தலையசைத்தேன். அதுவரை எனக்குப் புரியவில்லை. என் குற்ற உணர்ச்சியை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது வசதியான பொருள் என்று தோன்றவே இல்லை.

"ஆய்வாளர்கிட்ட ரெண்டையும் சொல்லு" என்றாள் சித்தி. "ஒண்ணைச் சொல்லி ஒண்ணை விட்டா அதுதான் பொய்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டு போவார், உத்தரவு வரும் வரைக்கும் ரோலர் ஓடும் என்றார் பாய்லர் அண்ணன். அதற்குள் இன்னொரு கை போகும். அப்புறம் எல்லோரும் பேசினார்கள். பிள்ளைத்தாய்ச்சி, காய்ச்சல்காரி, சாக்கடை, துடைக்க முடியாத திரை, எல்லாம் வந்தது. பட்டை கீழே இறங்கும் வரை பெரிய ரோலரில் ஒருவரும் நிற்பதில்லை என்று முடிவானது. ஒருத்தி நிற்காவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்கள், ஒருவரும் நிற்காவிட்டால் யாரை அனுப்புவது?

"திரையில பேர் வருமே. அதைப் பார்த்தா மனசு குழம்பிடும். போட்டாச்சேன்னு போயிடுவாங்க" என்றாள் ஒருத்தி. "பலகைன்னா அழிச்சிருக்கலாம்."

"அழிக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பூட்டு நான் போட்டதுதான்."

கோளாறைச் சரிசெய்யும்படி முதலாளியே சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் வகுப்பறையில் உட்கார்ந்து சரிசெய்தேன். ஒவ்வொருவருக்கும் மாறாத எண். அடுக்கினேன், எழுதினேன், மூடித் திறந்தேன். தலைகீழாக அடுக்கினேன், எழுதினேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். பிறகு அந்த நிபந்தனை வரியைத் தேடி எடுத்து அழித்தேன்.

திங்கட்கிழமை விடியலில் கொதிகலன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆவிக்குள் பெரிய ரோலர் வாயைத் திறந்து நின்றது. கம்பி அப்படியே இருந்தது. நாங்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு திரையின் முன் நின்றோம். யாரும் உள்ளே போகவில்லை. கீழே மேசையில் விசைப்பலகையையும் சுட்டியையும் நான் வைத்திருந்தேன்.

சித்தியின் பெயருக்கு நேரே 'பெரிய ரோலர்' என்று வந்தது. முதலாளி விழித்துவிட்டார்.

சித்தி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனாள். கட்டத்தைத் தொட்டாள், அது பெட்டியானது. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு வெளியே வந்தாள். கட்டம் காலியானது.

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு பிழியும் மெஷின்காரியின் பெயருக்கு நேரே வந்தது. அவள் போய் அழித்தாள். மூட்டை பிரிப்பவளின் பெயருக்கு வந்தது, அழிந்தது. அப்புறம் ஆத்திரத்தில் பாய்லர் அண்ணனுக்கே வந்துவிட்டது. "நான் அங்க போனா நெருப்பை யாரு பாத்துக்குவா, முதலாளியோட அப்பனா?" என்று கேட்டுக்கொண்டே தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழித்தார். முதல்முறையாக யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஆவிக்குள் பரவியது.

முதலாளி வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"யாரு இதைத் திறந்தது?"

"நான்தான் சார்."

"பூட்டு."

"பூட்டினாலும் அங்க யாரும் நிக்க மாட்டாங்க சார். பட்டையை இறக்குங்க."

"வெளிய வேலைக்கு ஆள் வரிசையில நிக்குது, தெரியுமா?"

"கூப்பிடுங்க" என்றாள் சித்தி. "வர்றவங்களுக்கும் நெட்டையோட கதையைச் சொல்லிட்டுத்தான் உள்ள விடுவோம். நீங்க திரையில பேரைப் போடலாம். காலை நாங்கதானே வைக்கணும்?"

அவர் என்னிடம் திரும்பினார். ஆய்வாளர் வந்ததும் என்ன சொல்வதாக உத்தேசம் என்று மெதுவாகக் கேட்டார். மூன்றாவது வரியையும் சொல்வேன், கம்பியையும் சொல்வேன் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் அலுவலக அறையின் கதவு மூடிக்கொண்டது. மடிப்பு மேசையும் போய்விடலாம். அந்த நேரத்தில் அது பெரிதாகப் படவில்லை. இப்போது எழுதும்போது படுகிறது.

அவர் என்னைத் தள்ளிவிட்டு விசைப்பலகையின் முன் தானே உட்கார்ந்தார். பட்டியலில் மேலும் கீழும் போனார். ஒரு பெயரில் நின்றார். மேஸ்திரியின் பெயர். அதற்கு நேரே 'பெரிய ரோலர்' என்று அடித்துவிட்டு எழுந்தார்.

"போய் நில்லு. இவங்களுக்குக் காட்டு."

மேஸ்திரி திரையைப் பார்த்தார். திரும்பி ரோலரைப் பார்த்தார், தன் கையாலேயே முறுக்கிக் கட்டிய கம்பியைப் பார்த்தார். முதலாளி காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். பலகையை இழந்த நாளிலிருந்து தொங்கிக்கொண்டே இருந்த அந்தக் கை மேலே எழுந்தது. திரைக்கு அருகே போய், ஈரச் சட்டைக் கையால் தன் பெயருக்கு நேரே அழுத்தித் துடைத்தார். கண்ணாடியில் நீர்க்கோடு விழுந்தது. எழுத்து போகவில்லை. மறுபடி துடைத்தார்.

"இப்படி இல்லண்ணே" என்று நான் முன்னால் போனேன். அவருடைய கையைப் பிடித்துச் சுட்டியின் மேல் வைத்தேன். சுண்ணாம்புபோல உலர்ந்த கை. எங்கே தொடுவது என்று காட்டினேன். அவர் தொட்டார். எழுத்துகள் பின்னாலிருந்து ஒன்றொன்றாகக் குறைந்து, கட்டம் வெள்ளையானது.

ஆய்வாளர் இன்னும் வரவில்லை. கம்பி இன்னும் அவிழவில்லை. முதலாளி போனை எடுத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையில் எல்லாப் பெயர்களும் இருந்தன. பெரிய ரோலர் மட்டும் எந்தப் பெயருக்கு நேராகவும் இல்லை. என் பின்னால் கூடம் முழுக்க இருமல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொருவரையும் என்னால் அடையாளம் சொல்ல முடிந்தது. ஒருவரும் போகவில்லை.